மார்லா டைட்ஜன் சுமந்த துப்பாக்கி

எங்கள் ஊரில் முப்பது வயதுக்கு உட்பட்ட எவரைக் கேட்டாலும், தமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் மார்லா டைட்ஜன் என்றுதான் சொல்வார்கள். மேற்குக் கான்ஸஸின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஒன்றே ஒன்று. அதற்கு ஆசிரியரும் அவர் ஒருவரே. பண்ணையில் பிறந்தவர். கன்றுகளைத் தூக்க வரும் நரிகளைப் பத்து வயதிலேயே குறி தவறாமல் சுட்டவர். மான் வேட்டைக் காலத்தில் கணவர் லோரனுடன் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். துப்பாக்கி அவருக்குப் புதிதன்று. அதைப் பற்றி அவருக்குப் பெருமையும் இல்லை, அச்சமும் இல்லை.

வேறு மாநிலத்தில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் கொடுமைக்குப் பிறகு, எங்கள் பள்ளி வாரியம் உணவுக்கூடத்தில் கூடியது. வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரிப்பின் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். பனி விழுந்தால் அதற்கும் மேல். ஆகவே ஆசிரியர்களுள் விரும்புகிறவர் ஆயுதம் வைத்திருக்கலாம் என்றும், அவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்றும் முடிவாயிற்று. மறுநாள் தலைமையாசிரியர் டெரில் கோனிக், மார்லாவின் வகுப்பறைக்கு வந்து, குழந்தைகளின் சிறிய நாற்காலி ஒன்றில் முழங்கால்கள் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் ஒருத்தர்தான் கை தூக்கியிருக்காரு. ஹாப்."

விளையாட்டு ஆசிரியர் ஹாப் தங்கமான மனிதர். ஆனால், வண்டிச் சாவியை உணவுக்கூடத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பள்ளி முழுவதும் தேடுகிறவர்.

"ஹாப்பா? விசிலக் கழுத்துல மாட்டிக்கிட்டே விசிலக் காணோம்னு கத்துறவனாச்சே!"

"அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன், மார்லா."

அன்று மாலை லோரன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வேணாம்னு சொல்ல உனக்கு வாயே வராதா?"

"வரும். நான் வேணாம்னு சொன்னா ஹாப் வருவானே."

கோடை விடுமுறையில் பயிற்சி நடந்தது. காகிதத்தில் வரைந்த மனித உருவத்தின் நெஞ்சில் மார்லா சுட்ட துளைகளை ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி. "உங்களுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுதான் இருக்கு. உள்ள வர்றவன் யாருன்னு மட்டும் யோசிக்காதீங்க."

"எங்க ஊருல உள்ள வர்றவன் யாரா இருந்தாலும், நான் பென்சில் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவனாத்தாங்க இருப்பான்."

பயிற்சியாளர் காகித உருவத்தைக் கழற்றிச் சுருட்டினார். "அப்போ ரொம்பவே யோசிக்காதீங்க" என்றார்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. துப்பாக்கியை வைத்திருப்பவர் யார் என்பது இரகசியம். ஆனால், சட்டையை எப்போதும் பாவாடைக்குள் செருகி நேர்த்தியாக உடுத்துகிற மார்லா, வெயில் கொளுத்தும் நாளிலும் தொளதொளவென்று நீண்ட மேற்சட்டை அணிந்து வந்தால் எந்த இரகசியம் தங்கும்? மளிகைக் கடையில், "என்ன டீச்சர், குளிருதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் அவரது கையைப் பற்றி நன்றி சொன்னார்கள். இரண்டும் அவருக்கு ஒரே அளவு அலுப்பைத் தந்தன.

பெரியவர்கள் எவரும் எண்ணிப் பார்க்காத ஒன்று, முதல் வாரத்திலேயே தெரிந்தது. ஆறு வயதுக் குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டால், அதன் தலை ஆசிரியரின் இடுப்பில்தான் முட்டும்; துப்பாக்கி இருந்ததும் அங்கேதான். மார்லா உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக் கையை நீட்டப் பழகினார். குழந்தைகளும் கை குலுக்கப் பழகினார்கள். தரை விரிப்பில் அவர்களோடு உட்கார்ந்து கதை படிக்கிற வழக்கத்தையும் விட்டார். அப்படி உட்கார்ந்தால் துப்பாக்கி உறை விலாவில் குத்தியது. நாற்காலியில் இருந்தபடியே படித்தார். மாலையில் இடுப்பு வலிக்கும். லோரன் வெந்நீர்ப் பையை நீட்டுவார்.

டிசம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக் காலம் வந்தது. அவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் ப்ரின்லி வோமாக் என்றொரு சிறுமி இருந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. மூச்சு மருந்தை அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு புதன்கிழமை, அவள் தந்தை ட்ரேஸ் வேட்டையிலிருந்து நேரே அதை எடுத்துக்கொண்டு வந்தான். அவனும் மார்லாவிடம் படித்தவனே. துப்பாக்கியை வண்டியிலேயே பூட்டி வைத்தான். ஆனால், மரத்தடியில் உட்காரும் மடக்கு நாற்காலியை அதன் நீண்ட துணி உறையோடு தோளில் மாட்டியிருந்ததை மறந்தேபோனான். பூட்சு முழுவதும் சேறு. சேற்றுக் காலோடு முன்வாசலில் நுழைவது எங்கள் ஊரில் மரியாதையன்று. ஆகவே எல்லாரையும் போலப் பால் வண்டிக்காகத் திறந்து வைத்திருக்கும் சமையலறைக் கதவு வழியாக நுழைந்தான்.

அலுவலகத்தில் இருந்த பெண் நகரத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோளில் நீண்ட உறையோடு ஓர் ஆள் பின்வழியாக நுழைவதை அவர் கேமராவில் பார்த்தார். அபாய மணியை அழுத்தினார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

மணி அலறியதும், ட்ரேஸ் எந்தத் தந்தையும் செய்வதையே செய்தான். கொலைகாரன் எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்து, மகளின் வகுப்பறையை நோக்கி ஓடினான்.

மார்லா கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, குழந்தைகளைச் சுவரோரம் உட்காரவைத்துத் துப்பாக்கியை எடுத்திருந்தார். பூட்சுக் கால்கள் ஓடி வந்து நின்றன. கைப்பிடி குலுங்கியது. கதவைக் குத்தும் ஓசை.

"ப்ரின்லி! உள்ள இருக்கியா? கதவத் திறங்க!"

எவர் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது என்பது விதி. குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மார்லா கதவின் நடுவே, நெஞ்சு உயரத்தில் குறி வைத்தார்.

"மிஸ், அது எங்க அப்பா."

"உட்காரு, கண்ணு."

"எங்க அப்பா, மிஸ்! அப்பா!"

ப்ரின்லி எழுந்து ஓடினாள். கதவுக்கும் மார்லாவுக்கும் நடுவே ஓடினாள். அந்தச் சிறு உருவம் குறியைக் கடந்தபோது மார்லாவின் விரல் விசையின்மேல் இருந்தது. பின்னர் கையைத் தாழ்த்தினார். கதவு திறக்கவில்லை, எவரும் சுடப்படவில்லை. சற்று நேரத்தில், எல்லாம் தவறு என்று ஒலிபெருக்கியில் கோனிக் அறிவித்தார்.

ஊர் மார்லாவைக் கொண்டாடியது. வாரியத் தலைவர் பாராட்டிப் பேசினார். பெற்றோர்கள் கேக் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ட்ரேஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்கே வந்தான்.

"உள்ள நீங்க இருந்ததாலதான் டீச்சர் நான் பொழைச்சேன். ஹாப் சாரா இருந்திருந்தா இந்நேரம் என்னைச் சல்லடையாக்கியிருப்பாரு!"

மார்லா சிரிக்கவில்லை. "ட்ரேஸ், என் விரல் விசை மேல இருந்துச்சு. ப்ரின்லி குறுக்க வந்தப்பவும் இருந்துச்சு."

அவன் தொப்பியை ஒரு முறை சுற்றினான். "அத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

"உனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு நான் என்ன பண்ண, டீச்சர்?" வாசல்வரை போய்த் திரும்பினான். "அவ அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அன்றே பள்ளி விட்டதும், மார்லா துப்பாக்கியை உறையோடு கழற்றிக் கோனிக்கின் மேசையில் வைத்தார்.

"அடுத்த ஆளு பயிற்சி முடிக்கிற வரைக்குமாவது..." என்றார் கோனிக்.

"முடியாது, டெரில்."

"நாளைக்கே ஏதாவது நடந்துட்டா?"

மார்லா உறையை அவர் பக்கம் நகர்த்தினார். கோனிக் எழுந்து, துப்பாக்கியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் கண்களுக்குக் கீழேயும் கருவளையங்கள் இருந்தன.

"காப்பி குடிக்கிறீங்களா?"

"வேணாம். வீட்டுக்குப் போறேன்."

திங்கட்கிழமை வழக்கம்போல வாசிப்பு வகுப்பு. ப்ரின்லி, தன் இடத்தை விட்டுவிட்டுக் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். மார்லா அவளைக் கூப்பிடவில்லை. தாமே போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் புத்தகத்தை விரித்தார். சிறுமி புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவரது மேற்சட்டையைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் வச்சிருக்கீங்களா, மிஸ்?"

"இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல. இனிமே இல்ல."

ப்ரின்லி யோசித்தாள்.

"அப்போ இப்ப யாரு வச்சிருக்காங்க?"

அதைச் சொல்லக் கூடாது என்பது விதி. அது மார்லாவுக்குத் தெரியவும் தெரியாது. விரித்த பக்கத்தில் இருந்த வாத்தின் படத்தின்மேல் விரலை வைத்து, "முதல் வரியப் படி, கண்ணு" என்றார். ப்ரின்லி, கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.