யோகமலர் அக்கா கேட்ட திருத்தம்

யோகமலர் அக்காவின் மகள் செவ்வாய்க்கிழமை காலை லண்டன் மோர்டனிலிருந்து அழைத்தாள். நான் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். “அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா” என்றாள். இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் போய், எங்கள் மேசையில் மூடும்வரை இருந்தேன்.

இதை வாசிக்கும் நீங்கள் அக்காவை வால்தம்ஸ்டோவில் சீட்டுப் பிடித்தவராகவே அறிவீர்கள். ஓய்வுக்குப் பின் பத்து வருடம் நாங்கள் இருவரும் முந்நூற்றைம்பது வருடப் பழைய ஆங்கிலக் கடிதங்களைச் சம்பளமின்றிப் படியெடுத்தது பலருக்குத் தெரியாது. பட்டம் இல்லாத எங்களுக்கு அங்கே தேநீர் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

அக்கடிதங்களில் மார்ஜரி என்றொரு விதவை வருகிறாள். பட்டு விற்றவள். அவளுடைய நடத்தை சரியில்லை, கடன் கொடுக்காதீர்கள் என்று கணவனின் தம்பி ஒரு வணிகருக்கு எழுதினான். அக்காலத்தில் கடிதம் ஒருவரோடு நிற்காது. கைமாறி ஊர் சுற்றும். மூன்று மாதத்தில் கடை மூடிற்று. காப்பகத்தின் பட்டியலிலும் அவள் ‘கெட்ட பெயர் எடுத்த கடன்காரி’ என்றே இருக்கிறாள்.

அவளே எழுதிய கடிதங்களை வேறொரு பெட்டியில் கண்டுபிடித்தவர் அக்கா. எல்லோருக்கும் கடனைக் கொடுத்துத் தீர்த்ததற்கான பற்றுச்சீட்டுகளும் அவற்றோடு இருந்தன. பட்டியலைத் திருத்தச் சொல்லி நான்கு முறை விண்ணப்பித்தார். “ஓர் ஆய்வாளர் சொன்னால் பார்க்கலாம்” என்றார் பொறுப்பாளர்.

“வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் சொன்னாக் காணாதாமோ?” என்று அக்கா என்னிடம் தமிழில் கேட்டார். நான் அதைப் பொறுப்பாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே.

ஒருநாள் எனக்கே அலுத்தது. “எப்பவோ செத்த வெள்ளைக்காரிக்கு ஏன் அக்கா இந்தப் பாடு?”

பென்சிலைக் கீழே வைத்தார். “நான் சீட்டுக் காசோட ஓடப்போறன் எண்டு ஒருத்தன் ஊருக்கு எழுதினவன். அந்தக் கதை திரும்பி இஞ்ச வந்து, சீட்டில இருந்த சனம் ஒவ்வொண்டா விலகினது. அந்தக் கடிதத்தை நான் ஒருக்காலும் காணேல்லை. இவளைப் பற்றி எழுதினதை எண்டாலும் கண்ணால காணுறன்.” பிறகு, “நீ அந்தப் பக்கத்தை முடி பிள்ளை. நாலரைக்குப் பூட்டிப்போடுவாங்கள்.”

அக்கா போனபோது ஐந்தாவது விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது. கையெழுத்தை மட்டும் முதலிலேயே போட்டு வைத்திருந்தார். மிச்சத்தை நான் எழுதி அனுப்பினேன். என் பெயரைச் சேர்க்கவில்லை.

இப்போது யாராவது ஒரு பெண்ணைப் பற்றிக் கதை கொண்டுவந்தால், அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்வி. அதனால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறைந்துவிட்டன. செவ்வாய்தோறும் காப்பகத்துக்குப் போகிறேன். எதிரே அக்காவின் கதிரையில் யாராவது இருந்தால் எழும்பச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்போது அது அக்கா இருந்த மோர்டன் வீட்டுக்கே, அவர் பெயருக்கே வரட்டும்.