சாரல் சீசனில் கொழும்புக்குப் போன பணம்

என் மகளும் அடுத்த வீட்டுச் செல்லம்மாளின் மகனும் கொழும்பில் இருந்தார்கள். நான் தென்காசித் தபாலாபீசில் கமிஷன் கட்டி மணியார்டர் அனுப்புவேன். செல்லம்மாளோ, சீசனுக்குக் குற்றாலம் வரும் கொழும்பு வியாபாரியிடம் பணத்தைக் கொடுத்துவிடுவாள். அவர் ஊர் திரும்பியதும் கமிஷன் இல்லாமல் மகன் கையில் சேர்ப்பார். பால்காரி சொல்லித்தான் எனக்கே இது தெரிந்தது. செல்லம்மாள் ஒரு வார்த்தை சொன்னாளா என்று வயிறு எரிந்தது.

அடுத்த சாரலுக்கு நானே அவரைத் தேடிப் போனேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றார். மகள் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையா? போன வருசம் பிரசவத்துக்கு உங்க மணியார்டர் வரச் சுணங்கிட்டுன்னு மகன் எழுதினதைப் பாத்து, செல்லம்மா ஆச்சிதான் அந்தப் பிள்ளைக்கு எங்கிட்ட பணம் குடுத்துவிட்டாவ. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னும் சொன்னாவ."

வழியைச் சொல்லவில்லை என்ற பொறாமை அங்கேயே அடங்கிவிட்டது. செய்த உதவியையும் சொல்லிக்காட்டாமல் இருந்தாளே, அந்த மனசின் மேல் வந்த பொறாமைதான் இன்னும் அடங்கவில்லை.