டாக்டரம்மாவும் தாம்பூலப் பையும்

மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததை டாக்டரம்மா ஒருநாளும் குப்பையில் கொட்டச் சொன்னதில்லை. வாளித் தண்ணீரில் அலசி, மருந்தக வாசலில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பச் சொல்வார். பால் கவர், பலசரக்குக் கடைப் பை, சால்னா கட்டிக் கொடுத்த கவர், பாக்குப் பொட்டலம், நைலான் கயிறு. ஒருமுறை ஒரு குழந்தையின் காலுறைகூட வந்தது, ஜோடியில் ஒன்று. மாட்டுக்காரரும் ஊசி போட வந்தவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சாக்கைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள கால்நடை மருந்தகத்தில் எனக்குக் கால்நடை ஆய்வாளர் வேலை. அது சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர். ஊருக்கு நான் கம்பவுண்டர். டாக்டரம்மா என்னைவிட இருபது வயது இளையவர். நகரத்தில் மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார், தோளில் இரண்டு துணிப் பைகள், கையில் ஒரு தூக்குச்சட்டி. ஹோட்டலில் சாம்பார் வாங்கினாலும் தூக்குச்சட்டியில்தான். “நகைக்கடைக்குப் போனாலும் இதத்தான் நீட்டுவீங்களா டாக்டரம்மா?” என்று கேலி செய்வேன். “நகைய மாடு திங்காதுண்ணே” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

சாக்கைப் பரப்பிவிட்டு அவர் உபதேசம் எதுவும் செய்ததில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்றைச் சொல்வார்: “மாட்டுக்குக் கையில்ல. முடிச்ச அவுக்கத் தெரியாது. சோத்தக் கட்டிப் போட்டா கவரோடதான் முழுங்கும். நீங்க அவுத்துக் கொட்டுங்க.” இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஊரிலும் கொஞ்சம் வேலை செய்தது. டீக்கடைக்காரர் கடை ஓரத்தில் கழுநீருக்கு ஒரு டிரம் வைத்தார். மேலத்தெருவில் பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நாலைந்து தூக்குச்சட்டிகள் தென்பட்டன. அறுவைக்கு வரும் மாடுகளும் கொஞ்சம் குறைந்தன.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. டாக்டரம்மாவுக்குப் பத்திரிகை வைத்தபோது, வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, தாம்பூலப் பைய மட்டும் துணியில குடுங்க. மஞ்சப் பைய யாரும் தூக்கிப் போட மாட்டாங்க.” அதற்கென்ன, செய்துவிடலாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சிம்மக்கல் மொத்தக் கடையில் போய் நின்றபோது கடைக்காரர் ஒரு மாதிரிப் பையை எடுத்துப் போட்டார். பளபளவென்று ரோஸ் நிறம், நடுவில் மணமக்கள் படம், கீழே பெயர்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. சம்பந்திக்குப் போன் போட்டேன். “அதையே எடுத்துருங்க மச்சான், அம்சமா இருக்கும்” என்றார். எனக்கும் ஆசைதான்; அவர்மேல் பழி போடக் கூடாது. கல்யாணத்தன்று தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்ட பையை நானே டாக்டரம்மா கையில் கொடுத்தேன். ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “படம் நல்லா விழுந்திருக்குண்ணே” என்று மட்டும் சொன்னார்.

இருநூறு பை மிஞ்சிப் போனது. வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தப் பைதான். மிச்சச் சோறும் காய்கறித் தோலும் காலையில் அதில்தான் சேரும். வேலைக்குக் கிளம்பும்போது அதை இறுக்கி முடிச்சுப் போட்டு, வண்டியில் மாட்டிக்கொண்டு போய், தெருமுனைக் குப்பைத் தொட்டியைப் பார்த்து வீசுவேன். பாதி நாள் தொட்டிக்கு வெளியேதான் விழும். அங்கிருந்து பத்து நிமிடத்தில் மருந்தகம். வண்டியை நிறுத்திவிட்டுச் சாக்கை உதறி விரிப்பேன். இந்த இரண்டு காரியத்தையும் செய்தது ஒரே ஆள் என்பது அந்த நாட்களில் என் புத்தியில் உறைக்கவேயில்லை. இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்க மாட்டேன். ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, பால் ஊற்றிப் பிழைக்கும் ஒரு பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. புருஷன் இல்லை. அந்த ஒரு மாடுதான் சொத்து, அதுவும் ஐந்து மாதச் சினை. நாலு நாளாக அசை போடவில்லை, சாணி போடவில்லை, இடது பக்கம் தட்டினால் மேளம் போலக் கேட்டது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று டாக்டரம்மா அங்கேயே அறுக்க முடிவு செய்தார். மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, விலாவில் மரத்துப்போக ஊசி போட்டோம். அந்தப் பெண் முன்னால் நின்று தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதடி, பயப்படாதடி” என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மாவின் கை தோள் வரைக்கும் உள்ளே போய் வந்தது. வழக்கமான சரக்குதான், கயிறும் கவருமாகத் திரண்டு கெட்டியாகக் கிடந்தது. இழுத்து இழுத்து வாளியில் போட்டார். அதில் ஒன்றை மட்டும் போடாமல் விரித்துப் பிடித்தார். ரோஸ் நிறம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளை முகம் அழிந்துபோயிருந்தது. என் மகளின் நெற்றிச்சுட்டியும் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன. பையின் வாயில் முடிச்சு அவிழாமல் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அதை மடித்துத் தன் மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டார். “தண்ணி ஊத்துங்கண்ணே” என்றார். ஊற்றினேன்.

அந்த நேரத்தில் நெஞ்சு வெடித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் ஆகவில்லை. மருந்து வாடை அடித்தது. சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நூலை ஊசியில் கோத்துக் கொடுத்தேன். ஊசி போட்ட மாட்டின் விலா மாதிரிதான் நானும் நின்றேன். தையல் முடிந்ததும் அந்தப் பெண், “என்னத்தத் தாயி எடுத்தீங்க?” என்று கேட்டாள். “எப்பவும் வர்ற கவருதான்ம்மா” என்றார் டாக்டரம்மா. அன்றைக்குச் சாக்கு விரிக்கவில்லை. வாளியைப் பின்பக்கம் குழியில் கவிழ்த்துவிட்டு வரச் சொன்னார்.

மூன்றாம் நாள் பசு செத்துப்போனது, வயிற்றுக் கன்றோடு. சொல்வதற்கு அவளே வந்தாள். “நீங்க ரெண்டு பேரும் எம்புட்டோ பாடுபட்டீங்க. எனக்குக் குடுப்பினை இல்ல” என்றாள். டாக்டரம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதினேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா சாக்கு விரிக்கவே இல்லை. அடுத்த அறுவை முடிந்ததும் நானே அதை எடுத்து வந்தேன். “வேணாம்ணே, விட்டுருங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. என் பையை மறைத்துவிட்டு ஊரார் பையை வாசலில் பரப்ப அவருக்கு மனம் வரவில்லை என்று புரிந்தது. முடிச்சை அவிழ்க்கச் சொல்வதையும் மெல்ல நிறுத்திவிட்டார். டீக்கடை டிரம்மில் வேறு எதையோ நிரப்பினார்கள். கறிக்கடையில் மறுபடி கறுப்புக் கவர். ஒரு வருடத்தில் ஊர் பழையபடி ஆனது, டாக்டரம்மாவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதலும் வந்தது. போகும்போதுகூட அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் காப்பாற்றிய மனுஷி என்றுதான் அவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வீட்டில் கழுநீருக்குத் தனித் தொட்டி இருக்கிறது. தோலும் தழையும் தென்னை மரத்தடிக் குழிக்குப் போகும். கடைக்குப் போனால் துணிப் பை. மிச்சமிருந்த தாம்பூலப் பைகளைக் கட்டாகக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடப் பயம். இதையெல்லாம் செய்வதால் மனசு லேசாகிறது என்றால் அது பொய். பல் துலக்குவது மாதிரி செய்கிறேன்.

போன மாதம் கோமாரித் தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போனபோது அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். இப்போது அவளிடம் ஒரு கிடாரிக் கன்று இருக்கிறது. எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். அதனால்தானோ என்னவோ, ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். “தாயி, அன்னைக்கு உன் மாட்டு வயித்துல இருந்த பை என் மக கல்யாணப் பை. அதுக்கு முடிச்சுப் போட்டதும் நான்தான்.”

அவள் கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“தெரியும்ணே. டாக்டரம்மா விரிச்சுப் புடிச்சப்பவே பாத்துட்டேன். கல்யாணத்துக்கு முன்ன உங்களுக்கு மதியச் சோறு கொண்டாந்த பிள்ளதான, மூஞ்சி தெரியாதா?”

“அப்பவே கேட்டிருக்கலாமே தாயி.”

“கேட்டு என்ன செய்ய? அடுத்த மாட்டுக்கு ஊசி போட நீங்கதான வரணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். அவ்வளவு வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது. ஊசியோடு நின்றுகொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அவள் கிடாரியின் காதைப் பிடித்துத் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“போடுங்கண்ணே” என்றாள், “அசையாமப் புடிச்சிருக்கேன்.”