என் சட்டையில் இன்னொருவர்

வேலை போன பிறகும் மூன்று வாரம் நான் காலை ஏழு பத்துக்கு ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டில் போய் நின்றேன். பால் வாங்க வந்ததாகப் பேர். கம்பெனி வேன் வரும். பதினேழு வருஷப் பழக்கம். நான் ஏறும் இடத்தில் டிரைவரின் கால் தானாகவே பிரேக்கைத் தொட்டுவிடும். வண்டி ஒரு நொடி தயங்கும், பிறகு போய்விடும். உள்ளே இருந்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. செத்தவன் ஆவியாக வந்து நின்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பால் பாக்கெட்டோடு வீட்டுக்குத் திரும்புவேன்.

வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துத் தருவது அந்தக் கம்பெனியின் தொழில். இந்த ஊரில் அப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய. மற்றவர்கள் அமைத்த பக்கங்களில் பிழை பார்ப்பவன் நான். இனிமேல் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை எங்களைப் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு பல நாள் என் கை நெஞ்சுக்கு நேரே போய் அட்டையைத் தேடும். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு கோளாறு.

விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமே என்று முத்தியால்பேட்டையில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடைக்குப் போனேன். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். இருந்ததிலேயே நல்ல சட்டை, இளநீலத்தில் மெல்லிய கோடு போட்டது, பையில் மட்டும் மை பட்ட ஒரு சின்னப் புள்ளி. அதைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டேன். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அங்கே கம்ப்யூட்டரில் தெரிந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் படித்தேன். பிறந்த தேதியும் இறந்த தேதியும் இடம் மாறியிருந்தன.

"பாய், இவரு செத்த பிறகு பொறந்திருக்காரு."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதோட இந்த மாசத்துல மூணாவது தப்பு. சார், உங்களுக்கு வேற வேலை கெடைக்கிற வரைக்கும் இங்க வந்து உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

அந்தக் கடையில் 'உடம்பு' என்று பெயரிட்ட ஒரு போல்டர் உண்டு. எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பாய் விளக்கினார். இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒழுங்கான படம் இருக்காது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தையோ, பனியனோடு நிற்கும் படத்தையோ கொண்டுவருவார்கள். முகத்தை மட்டும் வெட்டி, போல்டரில் இருக்கும் ஏதாவது ஓர் உடம்பின்மேல் வைக்க வேண்டும். கோட்டு போட்ட உடம்பு, வெள்ளைச் சட்டை உடம்பு, பட்டுப் புடவை உடம்பு இரண்டு. எல்லா உடம்பும் நல்ல சதைப்பிடிப்போடு இருந்தன. இந்த ஊரில் செத்தவர்கள் எல்லோரும் நாலைந்து சட்டையைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அதை நான் கவனிக்கவில்லை. பிழை பார்ப்பவன் என்று பெயர்.

ஒரு நாள் காலை வைத்திக்குப்பத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவின் கணவர் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாளுக்குப் பேனர் வேண்டும். இருந்த ஒரே படத்தில் சட்டையில்லாமல் படகின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சட்டை போட்டுவுடுங்க தம்பி," என்றார் அந்த அம்மா.

ஒல்லியான மனிதர். எந்த உடம்பும் பொருந்தவில்லை. கோட்டு போட்டால் திருடிப் போட்டதுபோல் இருந்தது. கடைசியில் என் படத்தைத் திறந்து, என் முகத்தை எடுத்துவிட்டு அவர் முகத்தை என் தோளின்மேல் வைத்தேன். கழுத்து, நிறம், சாய்வு எல்லாம் அப்படியே உட்கார்ந்துகொண்டது. நான் அதுவரை அவ்வளவு நன்றாக அந்தச் சட்டையில் இருந்ததில்லை.

அந்த அம்மா திரையைத் தொட்டுத் தொட்டு அழுதார். மகள் அழவில்லை. எழுத்துகளை நான் சரிபார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க பேஜ் செக்கிங்ல இருந்தவரா? நானும் அந்த மாதிரி கம்பெனிலதான் இருக்கேன், தட்டாஞ்சாவடியில. எங்க கம்பெனில ஆள் எடுக்குறாங்க. மெஷின் போட்ட பக்கத்துல தப்பு கண்டுபிடிக்கணுமாம். மெயில் ஐடி தர்றேன், இன்னிக்கே அனுப்பிடுங்க." அப்பா செத்த துக்கத்தில் இருக்கும் பெண் எனக்கு வேலை தேடித் தருகிறாள்.

அன்றே அனுப்பினேன். அங்கேதான் தவறு நடந்தது. அவர் முகத்தை வைத்ததும் வேறு பெயரில் சேமிப்பதற்குப் பதிலாக, கைப்பழக்கத்தில் அப்படியே சேமித்துவிட்டிருக்கிறேன். என் பெயரிட்ட கோப்பில் இப்போது அவர் இருந்தார். மெயிலில் இணைக்கும்போது நகம் அளவுக்குத் தெரிந்த படத்தில் நீலச் சட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. பதினேழு வருஷத்தில் ஒரு மூலப் பிரதியைக்கூட அழித்ததில்லை என்று பெருமை பேசியவன் நான்.

பேனரும் ஏறியது. என் மனைவி மீன் வாங்க அந்தப் பக்கம் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்தாள். "ஏங்க, அந்த மையைக்கூட அழிக்காம வெச்சிருக்கீங்களே. உங்க உடம்ப முச்சந்தியில மாலை போட்டு நிறுத்தியிருக்காங்க. நமக்கு எப்படிங்க வேலை வரும்?" நான் சமாதானம் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. அன்றிலிருந்து சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் கழுத்துக்குமேல் கண்ணை ஏற்றப் பயமாக இருந்தது. படித்தவன், இதற்கெல்லாம் பயப்படலாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பயம் போகவில்லை.

ஆனால் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது. வாசலில் காவலாளி கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டி, படத்தோடு பாஸ் அடித்துக் கொடுத்தார். பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கதவைத் திறந்தார். லிப்ட் கண்ணாடியில்தான் கவனித்தேன். என் நெஞ்சில் அந்த மீனவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தப்பைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வந்தவன், தன் முகத்தையே தப்பாக அனுப்பியவன் என்றால் யார் எடுப்பார்கள்? வீட்டில் மகனுக்குக் காலேஜ் சேர்க்கை நெருங்குகிறது. ஆறு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு இது. வாயை மூடிக்கொண்டேன்.

மேடமே சொன்னார்: "வேலை இல்லாம இருந்தா யாருக்குமே முகம் மாறிடும் சார். இங்க வந்துட்டா சரியாயிடும்."

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்கு இன்றும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர்கள் கொடுத்த பக்கத்தில் இருந்த தப்புகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மனைவி எனக்கு வேறு சட்டை தேய்த்து வைத்தாள்.

முதல் நாள் எட்டு இருபதுக்கே போய்விட்டேன். எட்டரைக்குள் மேலே போய் வருகைக்குக் கைரேகை வைக்க வேண்டும். வரவேற்பறையில் ஒரு பெரிய டிவி. யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, தீயணைப்புப் பயிற்சி அறிவிப்பு, ஏதோ கிரிக்கெட் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஒரு செய்தி. அதற்கடுத்து, நம் குடும்பத்துக்கு வரவேற்கிறோம் என்று என் பெயர். மேலே அந்த மீனவரின் முகம், பாதித் திரைக்கு.

டிவிக்கு எதிரே அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் டிபன் பை. கடந்து போகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அவள் பக்கத்தில் போய், கோப்பு மாறிய கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். "நான் செஞ்சது பெரிய தப்பும்மா. இப்பவே மேல போயி உண்மையச் சொல்லி எடுக்கச் சொல்லிடுறேன். வேலைய விட்டு அனுப்பினா அனுப்பட்டும்."

அவள் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

"நீ எங்க வேலை செய்யுறன்னு ஒருவாட்டி வந்து பாக்கறேன் பாப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு சார். கைலியோட வந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க, வராதப்பான்னு நான்தான் சொன்னேன்."

நான் லிப்ட் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்க சார். சாயங்காலம் போயி சொல்லுங்க," என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னிக்கு ஒரு நாள் உள்ள இருந்துட்டுப் போகட்டும்."

திரை மாறி மறுபடியும் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. எட்டு இருபத்தெட்டு. மேலே போகாமல் இரண்டு பேரும் அவர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றோம்.