சபுராவின் முப்பத்திரண்டு கட்டங்கள்

எங்கள் நர்சிங் ஹோமில் கைராசிக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயிலான சபுராதான் என்று சொல்வேன். டாக்டர் சீனிவாசலு கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கே தெரியும்.

நான் அமிர்தநாதன். உக்கடம் பக்கம் டாக்டர் நர்சிங் ஹோம் திறந்த நாளிலிருந்து அங்கே கம்பவுண்டர். டோக்கன் கொடுப்பது, சீட்டு எழுதுவது, ஊசி போடுவது எல்லாம் நான்தான். தொண்ணூற்றைந்தில் ஜெஃபின் என்று ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வந்தான். "பட்டனைத் தட்டினா போதும் சார், பேஷண்ட்டோட ஜாதகமே வந்துரும்" என்று பேசிப் பேசியே டாக்டர் தலையில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டான்.

என் மேசையைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். நான் இருந்த அறையில் அந்தப் பெட்டியை வைத்து, அதற்கு ஏ.சி. போட்டார்கள். பதினெட்டு வருஷமாக எனக்கு ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பெட்டிக்கு வேர்க்கக் கூடாதாம்! போதாக்குறைக்கு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வாசலில் ஒரு போர்டு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அதை இயக்க வந்தவள் சபுரா. கோட்டைமேடு. வீட்டுக்காரர் யாகூப் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சர்ட்டிஃபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார் டாக்டர்.

முதல் நாள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று சுற்றிப் பார்த்தாள். நான் இருமினேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஊட்ல அஞ்சு பேருக்கு ரெண்டு நாற்காலிங்கண்ணா. நான் எப்பவும் தரையிலதான். எனக்குன்னு ஒண்ணு வாய்ச்சது இதான். இது நெலைக்கோணும்னு துவா செஞ்சுட்டிருக்கறேன்" என்றாள்.

எங்கே நிலைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் அடிப்பது ஒரே விரலால். ஒவ்வொரு எழுத்தையும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தேடுவாள். 'வெள்ளியங்கிரி' என்ற பெயரை இங்கிலீஷில் அடித்து முடிப்பதற்குள் நான் மூன்று பேருக்கு ஊசி போட்டுவிடுவேன்.

இதில் இன்னொரு கூத்து. ஜெஃபின் விற்ற புரோகிராம் மெட்ராஸில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரிக்காகச் செய்தது. திரையில் முப்பத்திரண்டு கட்டங்கள். பெயர், வயதோடு நிற்காது. பசி எப்படி, உறக்கம் எப்படி, வீட்டில் துணைக்கு யார், மனக்கவலை உண்டா என்று சம்பந்தி வீட்டார் மாதிரி நோண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் 'கீய்ங்' என்று கத்தும். அது கத்தினால் சபுரா திடுக்கிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிடுவாள். அதனால் ஒன்று விடாமல் எல்லோரிடமும் கேட்பாள்.

சோமனூரில் தறி வைத்திருந்த வெள்ளியங்கிரிதான் ஆரம்பித்து வைத்தார். நெஞ்சு படபடப்பு என்று வந்தவர், செருப்பைக் கழற்றச் சொன்னதும் சட்டையையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். வெற்று மார்போடு திரைக்கு நேரே போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க அம்மணி, மூச்ச இழுத்துப் புடிக்கோணுங்களா?"

சபுரா 'வி' எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "புடிச்சா புடிங்கண்ணா" என்றாள் ஏதோ ஞாபகத்தில்.

மனுஷன் பிடித்தார். பெயர் முடிவதற்குள் கண் பிதுங்கிவிட்டது. அவள் அங்கே இங்கே தடவி "உறக்கம் வருதுங்களா?" என்று கேட்டபோதுதான் மூச்சை விட்டார். விட்டவர், தறிச் சத்தம் நின்றால் தூக்கம் போய்விடுகிறது, பெரிய மகன் பேசி ஆறு மாதமாகிறது, எல்லாம் கொட்டினார். சபுரா "அப்படீங்களா" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கடைசியில் பிரிண்டர் கர்ர் கர்ர் என்று சீட்டைத் துப்பியது. வெள்ளியங்கிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நெஞ்சு லேசாயிருச்சுங்க! என்ற ஆயுசுல இப்படி ஒரு டாக்டரும் பாத்ததில்லீங்க!" என்று சொல்லி, டாக்டரைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் சோமனூரே வந்து இறங்கியது. பெருந்துறையிலிருந்தும் ஆட்கள். எல்லோருக்கும் 'கம்ப்யூட்டர்ல பாக்கோணும்'. வராந்தாவில் வரிசையில் நிற்கும்போதே சட்டைப் பித்தானைக் கழற்றினார்கள். ஒருத்தர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இன்னொருத்தர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். பாதிப் பேர் சீட்டோடு வீட்டுக்குப் போனார்கள். என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள நாதியில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? நேரே டாக்டரிடம் போனேன்.

"சார், அந்தம்மா ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் எடுக்கறாங்க. அதான் ஆளுக சலிச்சுப்போயி உங்களப் பாக்காமயே போயிடறாங்க."

டாக்டர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நான் சொன்னது சரி என்று முடிவு கட்டினார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் செய்த ஒரே தப்பான டயக்னாஸிஸ் அதுதான்.

ஜெஃபினைக் கூப்பிட்டார். அவன் முப்பத்திரண்டு கட்டங்களை வெட்டி மூன்றாக்கினான். பெயர், வயது, ஊர். கூடவே அவன் சித்தி மகள் ஜோஸ்லினை அழைத்து வந்தான். பத்து விரலும் ஆடும். ஒரு வாரம் அவள் செய்து பார்ப்பது, சனிக்கிழமை யார் இருப்பது என்று முடிவு செய்வது என்றார் டாக்டர். அதுவரை சபுரா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சு உருட்ட வேண்டும்.

"நாற்காலி போயிரும்ல அண்ணா?" என்று கேட்டாள். நான் சிரிஞ்சைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். ஒரு பொம்பளையின் நாற்காலியைப் பிடுங்கின பாவி நான்தானே.

ஜோஸ்லின் நல்ல பெண், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆளுக்கு அரை நிமிஷம். செவ்வாய்க்கிழமை வெள்ளியங்கிரி வந்தார். சட்டையைக் கழற்றினார். உட்கார்ந்தார். சீட்டு வந்துவிட்டது.

"ஏனுங்க, நான் இன்னும் மூச்சே இழுக்கலீங்களே!"

"முடிஞ்சுதுங்க அங்கிள். நெக்ஸ்ட்!"

வெளியே வந்து என்னிடம் சண்டை பிடித்தார். "பழைய மிஷினக் கொண்டாங்க. இது என்னைய ஏறெடுத்தே பாக்கல." அதே மிஷின்தான் என்று என் அம்மா மேல் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. "அது கேட்டுச்சுங்க. இது கேக்கறதில்ல. எனக்குத் தெரியாதுங்களா?" என்று சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். வெள்ளிக்கிழமை வராந்தாவில் நானும், சபுராவும், ஒரு பூனையும்தான்.

சனிக்கிழமை காலை டாக்டர் வெளியே வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் இருந்த சபுராவைப் பார்த்தார்.

"நீ அந்தாளுகளுக்கு என்னம்மா செஞ்சே?"

"ஒண்ணுஞ் செய்யலீங்க சார்." ஸ்டூலை விட்டு எழுந்தாள். "கட்டத்துல இருந்ததக் கேட்டேன். வேணும்னா பழையத போடச் சொல்லுங்க, உங்களுக்குச் செஞ்சு காட்டறேன்."

ஜோஸ்லின் பழைய புரோகிராமைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டாள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சபுரா 'எஸ்' எழுத்தைத் தேட ஆரம்பித்தாள். நான் கதவு இடுக்கில் நின்றேன். என் கண்ணால் பார்த்தேன், ஏசு சாட்சியாகச் சொல்கிறேன்: எம்.டி. படித்த மனுஷன், மூச்சை இழுத்துப் பிடித்தார்!

பசி கேட்டாள். பரவாயில்லை என்றார். உறக்கம் கேட்டாள். வருவதில்லை என்றார். "ஊட்ல தொணைக்கு யாருங்க சார்?" என்றாள்.

டாக்டர் அண்ணாந்து ஏ.சி.யைப் பார்த்தார். சபுராவின் விரல் தவறி அடுத்த கட்டத்துக்குத் தட்டிவிட்டது. பெட்டி 'கீய்ங்' என்று கத்தியது.

"சொல்லிருங்க சார். காலியா உட்டா கத்தும்."

"யாருமில்லம்மா" என்றார் டாக்டர். "என் சம்சாரம் வரலட்சுமி தாராபுரத்துல அவ அண்ணன் ஊட்டுக்குப் போயி இருபது நாளாச்சு. பொட்டிக்கு ஏ.சி. போடத் தெரியுது, எனக்கொண்ணு போடத் தெரியலையான்னு கேட்டுப்போட்டுப் போயிட்டா. ஓட்டல் இட்லி தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. எனக்கு அவ இல்லாம ஒண்ணும் ஓடலம்மா."

சபுரா "அப்படீங்களா சார்" என்றாள். 'நோ' என்று அடிக்க 'என்' எழுத்தைத் தேடித் தட்டினாள். அவசரப்படவே இல்லை. டாக்டர் முப்பத்திரண்டாவது கட்டம் வரைக்கும் பேசினார். பிரிண்டர் கர்ர் என்றது. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அமிர்தநாதா, இன்னைக்கு லீவு. நான் தாராபுரம் போறேன். வர்றப்ப உனக்கொரு ஃபேன் வாங்கிட்டு வாரேன்." இரண்டடி போனவர் திரும்பினார். "அந்த நாற்காலி அந்தம்மாவுக்குத்தான். நிரந்தரம். வேகமா அடிக்கப் பழகினா மட்டும் வேலைய உட்டுத் தூக்கிப்போடுவேன்னு சொல்லு."

நான் சொல்ல வேண்டியதே இல்லை, சபுராவின் காதில் விழுந்துவிட்டது. டாக்டர், நான், ஜோஸ்லின் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காலைத் தரையில் ஊன்றி உந்தி, அந்த நாற்காலியில் முழுசாக ஒரு சுற்று சுற்றினாள்.