செவுத்துல தண்ணி நின்ன கோடு

அத்த ஏன் கேக்கற, நாலாவது மாடியிலருந்து ஒத்தக் கால் செருப்போட எறங்கி ஓடியாந்துச்சிமே அந்தப் பொண்ணு! எதிர் பிளாட்டுல கீதே, கம்ப்யூட்டர் வேலைக்குப் போற கோயமுத்தூர் பொண்ணு, அத்தத்தான் சொல்றேன். "பாட்டி, பூமி ஆடுச்சுங்க, தெரியலைங்களா?"ன்னுச்சி. எனக்கு இன்னா தெரியும்? நான் வாசல்ல குந்திக்கினு முருங்கக்கீர ஆஞ்சிக்கினு இருந்தேன். நம்ம கள்ளிக்குப்பத்துல தண்ணி லாரி போனாலே ஊடு ஆடுது. அதுக்கெல்லாம் ஓடுனா நான் எப்ப சோறாக்கறது?

குந்த வச்சி மோர் குட்தேன். போனப் பாத்துட்டு, "கடலுக்குள்ள எங்கயோ வந்திருக்குதுங்க பாட்டி, ஆறுன்னு போட்டிருக்கு"ன்னுச்சி.

"ஆறு இன்னாமா? படியா, முழமா?"

சிரிச்சிடுச்சி. ஊசி வச்ச மெஷினு கீதாம், பூமி ஆடுனா அது கோடு போடுமாம், அத்த வச்சி நம்பர் சொல்றாங்களாம். "அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் ஒண்ணுதானேன்னு நெனைக்காதீங்க பாட்டி. ஆட்டம் பத்து மடங்கு. உள்ளருந்து வர்ற சக்தி முப்பது மடங்குக்கும் மேல."

"எங்க நாத்தனா கோவம் மேரின்னு சொல்லு"ன்னேன்.

இன்னொண்ணு கேளு. அந்த நம்பரு ஒண்ணே ஒண்ணுதானாம். ஆனா எந்த ஊர்ல எவ்ளோ ஆடுச்சின்னு ஜனங்களையே கேக்கறாங்களாம் போன்ல. ஃபேனு ஆடுச்சா, பாத்திரம் உருண்டுச்சா, தூங்கினு இருந்தவங்க முழிச்சிக்கினாங்களான்னு. எனக்கு ஒரே குஷி. நம்மளயும் ஒரு ஆளா மதிச்சி கேக்கறாங்களே! "கீரக்காம்பு கூட நகுரலன்னு போடுமா"ன்னேன். அதுவும் போட்டுச்சி.

அத்தோட வுட்டிருக்கலாம். வாய் சும்மா இல்லாம, "சுனாமிய எப்டிமா அளப்பாங்க?"ன்னு கேட்டுட்டேன். "கடல்ல மெஷின் மெதக்க விட்டிருக்காங்க பாட்டி. ஆனா கரையில எவ்ளோ ஒயரம் ஏறுச்சுன்னு பாக்க, தண்ணி வடிஞ்சதும் ஆளுங்க போயி செவுத்துல கறை நிக்கற எடத்த அளப்பாங்க."

எனக்கு அப்டியே கை நின்னுடுச்சிமே. அந்த அளக்கறவங்கள நான் பாத்திருக்கேன்.

எம் பொண்ணு ஒரு மீன் புடிக்கற பையன ஆசப்பட்டு கட்டிக்கினா. நாங்க பயிர் வச்ச குடும்பம், ஊட்டுக்காரரு ஒத்துக்கல. நானும் ரெண்டு வருசம் அவ வாசப்படி மிதிக்கல. தண்ணி வந்து மருமவன அள்ளிக்கினு போனப்பறந்தான் போனேன். அவள பரண் மேல ஏத்தி வுட்டிருக்கான், அவன் ஏறத்துக்குள்ள போய்ட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊடு சுத்தமா இருக்கணும் இல்ல? நாம வெள்ளையடிப்போமே, அந்த பழக்கம். ஆள் ஒயரத்துக்கு மேல சேத்துக் கோடு, செவுரு சுத்தி ஓடுது. பாக்க சகிக்கல. அவ அரிசி வாங்க வரிசையில நிக்கப் போயிருந்தா. நான் சுண்ணாம்பு கரைச்சி ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன். எம் பொண்ணுக்கு மொத மொத ஒரு வேல செய்றேன்னு எவ்ளோ ஆசையா அடிச்சேன் தெரியுமா, பாவி நானு.

மறுநாளு நீட்டுக் கழி எட்துக்கினு வந்தாங்க. "தண்ணி எதுவரிக்கும்மா நின்னுச்சி?" அவ காட்றதுக்கு திரும்பறா, செவுரு பளிச்சின்னு வெள்ளையா கீது. கைய தூக்கி, "இங்க"ன்னா, "இல்ல, இங்க"ன்னா. "கறை இல்லன்னா எழுத முடியாதும்மா, பக்கத்து ஊட்ட பாத்துக்கறோம்"னு போய்ட்டாங்க. தெருவுல எல்லா ஊட்டு ஒயரமும் எழுதுனாங்க. அவ ஊடு மட்டும் இல்ல.

எம் மூஞ்ச பாத்து சொன்னா: "அந்தக் கோட்டுக்கு மேல நானு, கீழ அவரு. அத்தயும் அழிச்சிட்டியே."

அதுக்கப்பறம் எங்கிட்ட சேந்தாப்புல நாலு வார்த்த பேசல. சாவு, காதுகுத்துன்னா வருவா, மூலையில குந்துவா, போயிடுவா.

அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல இதெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு பதறிக்கினுச்சி. அந்தப் பொண்ணாண்ட சொல்லி எம் பொண்ணுக்கு போன் போட்டேன். எடுத்தா. "இங்க ஒண்ணும் இல்ல"ன்னா. வச்சிட்டா. "நீ நல்லா கீறியா"ன்னு கேக்கலமே.

சுண்ணாம்ப சொரண்டி அந்தக் கோட்ட காட்டிடலாமான்னு எவ்ளோ வாட்டி நெனச்சிருக்கேன். அந்த ஊட்டயே இடிச்சிட்டு சர்க்காருல அவளுக்கு எங்கியோ மாடி ஊடு குட்துட்டாங்க. சொரண்ட செவுரு இல்ல. இன்னாத்த காட்டி நான் அவளாண்ட பேசறது, நீயே சொல்லு…

இருமே, மோட்டார போட்டுட்டு வந்தேன், தொட்டி ரொம்பி வழியுது பாரு. சுச்ச அமுக்கிட்டு வரேன்.