கையில் நங்கூரம்: சாயல்குடிக் கரையில் வலிப்போடு ஒரு தனிப் பயணம்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்குக் கிளம்பினேன். கீழக்கரை, சாயல்குடி, மாரியூர், மறுநாள் ராமேஸ்வரம் என்று திட்டம். தனியாக. இந்தத் ‘தனியாக’வுக்குத்தான் வீட்டில் ஒரு வாரம் சண்டை. எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், வீட்டு வாடகை கட்டுகிறேன். ஆனால் முப்பத்தாறு வயதில் பேருந்து ஏற மட்டும் அண்ணன் துணை வேண்டுமாம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான்: “போயிட்டு வா. ஆனா வழியில ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இதுதான் கடைசி. அப்புறம் தனியாப் போறேங்கிற பேச்சே இருக்கக் கூடாது.”

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கெல்லாம் ராமநாதபுரம் வண்டி கிடைத்துவிடும். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து கீழக்கரைக்கு டவுன் பஸ்ஸில் பதினேழு கிலோமீட்டர். கீழக்கரையில் இறங்கினால் தொதல் வாங்காமல் வராதீர்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அந்த இனிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டு சாயல்குடி வரை கூடவே வரும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தனியாவா வந்தீக? மாப்பிள துபாயில இருக்காகளோ?” என்று கேட்டார். பாதி ஊர் வளைகுடாவில் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு பெண் தனியாக நிற்க அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயல்குடிக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம். வழியெல்லாம் பனையும் உப்பளமும். மாரியூருக்கு ஆட்டோ போகவர, காத்திருப்பையும் சேர்த்து, நானூறு ரூபாய் கேட்டார்கள், முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது. பழைய சிவன் கோயிலைப் பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்தேன். கூட்டமே இல்லாத கடற்கரை. சற்றுத் தள்ளி வள்ளங்களை இழுத்துப் போட்டிருந்த மீனவர் குடியிருப்பு. நல்ல வெயில். ஒரு வள்ளத்தின் நிழலில் உட்காரலாம் என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் பயணத்தில் ஒரு துண்டு காணவில்லை. அதில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கண் விழித்தபோது மணலில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. சுற்றிலும் கால்கள். வலது கையில் என்னவோ கனத்தது. பார்த்தால் நங்கூரம்! துருப்பிடித்த, கயிறு கட்டிய, நிஜமான வள்ளத்து நங்கூரம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்ற கதையை நாடு முழுக்கக் கேட்டிருக்கிறேன். மதுரையில் சாவிக்கொத்து கொடுத்திருக்கிறார்கள், ரயிலில் ஒருவர் வெங்காயம் வெட்டும் கத்தியையே நீட்டினார். கடற்கரையில் கைக்கு எட்டிய இரும்பு எதுவோ அது வந்திருக்கிறது.

“ஏலே, இரும்ப எடுக்காத. இன்னும் நல்லா முழிக்கல” என்றது ஒரு குரல். இன்னொருவர் என் இரண்டு கால்களையும் அமுக்கிப் பிடித்திருந்தார். ஒரு பெண் சொம்போடு குனிந்து, “தண்ணியக் குடிங்க யக்கா, குடிங்க” என்று வாயில் ஊற்றப் பார்த்தார். அவர் பெயர் ஸ்டெல்லா என்பது பிறகு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நங்கூரத்தையே தூக்கி எறிந்திருப்பேன், தூக்கத் தெம்பில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்பு வேண்டாம். கையைக் காலைப் பிடிக்க வேண்டாம். வாயில் தண்ணீர், துணி, கரண்டி எதுவும் வேண்டாம். இடித்துக்கொள்ளும்படி எது இருந்தாலும் நகர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, விட்டு விட்டுத் திரும்ப வந்தாலோ ஆஸ்பத்திரி. பெரும்பாலும் அதற்கு முன்பே தானாக நின்றுவிடும். நின்ற பெருமை முழுக்க இரும்புக்குப் போய்விடுகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டெல்லா கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மாத்திரை வேளை வந்திருந்ததால் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார்.

“இது எங்க வீட்டுக்காரவுக மாத்திரையில்ல?”

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவர் கணவர் சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். “ஆமா. ஞாயித்துக்கெழம மாத்திர.”

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையா? எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். “அதப் போட்டா கண்ணச் சொருகுதுக்கா. கடல்ல வச்சுச் சொருகுனா என்னத்துக்கு ஆகும்? ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவோம், தொழிலுக்குப் போக மாட்டோம். அன்னைக்குப் போட்டுக்கிருவேன்.”

“மத்த ஆறு நாளு?”

“போடுறதில்ல.”

“கடல்ல வச்சு வலிப்பு வந்தா?”

“கூட வாரவுக என் இடுப்புல ஒரு கயிறக் கட்டி வச்சிருப்பாகல்ல” என்றார், நான்தான் விவரம் தெரியாதவள் என்பதுபோல.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் வலிப்பு வருவதற்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அதுவும் கடலுக்குள். தூக்கம் வருகிறதென்று டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “அவுக கேக்கல, நான் சொல்லல” என்றார். அளவை மாற்றலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், ஆனால் அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். அதுவரை கடலுக்குப் போகாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். “சரிக்கா” என்றார். இந்தச் ‘சரி’யை நான் அறிவேன். நானே அண்ணனிடம் ஆயிரம் தடவை சொன்னதுதான்.

ஸ்டெல்லாவுக்கு வேறு கவலை. “ஒங்க வீட்டுக்குச் சொல்லிருவமாக்கா?” என்று போனோடு நின்றார். மறைத்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் மறைத்துப் போகிற பயணம் எனக்கு எதற்கு? நானே அண்ணனை அழைத்தேன். “அங்கேயே இரு, நான் கிளம்பி வாரேன்” என்று கத்தினான்.

“வராத. வந்துச்சு, போயிருச்சு. பத்துப் பேரு சுத்தி நின்னாங்கண்ணே. அம்புட்டுப் பேரும் தப்பாத்தான் செஞ்சாங்க. ஆனா ஒருத்தரும் என்னைய விட்டுட்டுப் போகல.”

“ராத்திரி எங்க தங்குற?” என்றான். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காத்திருந்த ஆட்டோவிலேயே சாயல்குடிக்குத் திரும்பி, ராமநாதபுரத்தில் எழுநூறு ரூபாய் அறையில் தங்கி, மறுநாள் ராமேஸ்வரம் போனேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பாம்பன் பாலத்தில் வலப்பக்க ஜன்னலுக்கு அடிதடி. முந்தின நாள் அலுப்பு தீராததால் கடலிலும் இறங்கவில்லை, தீர்த்தமும் ஆடவில்லை. கோயில் வாசலில் தீர்த்தம் இறைத்து ஊற்ற வாளியோடு நின்றவருக்கு அது தாங்கவில்லை. “இம்புட்டுத் தூரம் வந்துட்டு தீர்த்தம் ஆடாமப் போறதா?” என்று பிராகாரம் வரை பின்னாலேயே வந்தார். நடந்து, சாமி கும்பிட்டு, கடலைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் போவதானால்: மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே. விரதம், தீர்த்தம் என்று வேளையைத் தள்ளாதீர்கள். தூக்கத்தைக் கெடுத்து அதிகாலை வண்டி பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன், டாக்டர் திட்டினார். தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஆட்டோக்காரரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இதை எழுதத் தொடங்கியிருந்தபோது ஸ்டெல்லா அழைத்தார். “யக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒருவழியா ஒத்துக்கிட்டாக. ஆனா நான் கூட வரக் கூடாதாம். தனியாத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. வழியில வந்துருச்சுன்னா என்ன செய்ய? விடவா, வேணாமா?”

பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் சாயல்குடியில் வண்டி மாற வேண்டும். சவரிமுத்து படிக்கட்டில் நின்றுகொண்டே போகக்கூடிய ஆள். எவனாவது வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டால்?

“விடுங்க” என்றேன்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாலைக்குள் சவரிமுத்துவுக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்காவது தடவை எடுத்தார். “யக்கா, நான் என்ன சின்னப் புள்ளையா?” என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்துவிட்டார்.